பண்டிகைச் சோறும் பந்தியும்

பொங்கலுக்குப் புத்தரிசி உண்டு. காவிரிக் கழிமுகத்தில் கிறிஸ்துமஸுக்கென்று அப்படி ஒரு பண்டம் இல்லை. டிசம்பர் கடைசியில் சம்பா இன்னும் வயலில்தான் நிற்கும், அறுப்பு தையில். பண்டிகையன்று உலையில் விழுவது பழைய அரிசி. ஆராதனை முடிந்து வந்ததும் இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு. பலகாரங்களில் முறுக்கும் அதிரசமும் தீபாவளிக்கும் பொது. மிஞ்சுபவை அச்சு முறுக்கும் கல்கல்லும்.

தேங்காய்ப் பால் விட்டுக் கரைத்த அரிசி மாவில், எண்ணெயில் காய்ந்த இரும்புப் பூவச்சைத் தோய்த்துப் பொரிப்பது அச்சு முறுக்கு. ஸ்வீடனிலும் நார்வேயிலும் இதே மாதிரி அச்சு கோதுமை மாவில் தோய்கிறது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்ததால் இரண்டுக்கும் முடிச்சுப் போட ஆசை வரும். கேரளத்து அச்சப்பமும் இலங்கையின் கொக்கிஸும் முடிச்சை அவிழ்த்துவிடுகின்றன. அங்கே டேனியர் ஆண்டதில்லை. (டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பாலில் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி விசேஷ உணவு என்பது ஒரு வேடிக்கை. அரிசி அங்கே கப்பலில் வரவேண்டிய அபூர்வம்.)

பண்டத்தின் பூர்விகத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: இந்தப் பண்டிகையில் பலகாரம் ஏன் தெருவுக்கு வருகிறது, சோறு ஏன் உள்ளேயே நின்றுவிடுகிறது?

சீகன்பால்கும் ப்ளூட்ஷோவும் தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் சூத்திரக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1798இல் தஞ்சையில் இறந்த ஸ்வார்ட்ஸின் காலத்திலும் இது சகித்துக்கொள்ளப்பட்டது. அவரிடம் வளர்ந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார், 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றியவர். 1820களின் இறுதியில் அவர் இளைய மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். தமிழ்ப் பாட்டையும் பூவையும் தடுக்கிறார்கள் என்ற அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதே பேனா சாதிப் பிரிவினையையும் காத்து நின்றது. அவர் கவித்துவத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை, புரட்டியாக வேண்டும்.

1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டார். தஞ்சையில் வெள்ளாளக் கிறிஸ்தவர்களில் பலர் விலகினர். பிரச்னை கடைசியில் சோற்றில் வந்து நின்றது. சாதியை விட்டதற்கு அத்தாட்சியாகப் பறையர் சமைத்ததைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது 1850இல் சென்னை மிஷனரி மாநாட்டின் நிலை. இப்படிச் சாப்பிட வைத்த பந்திக்கு 'அன்பின் விருந்து' என்று பெயர். விருந்தைப் பரீட்சையாக்கியதில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது. ஆனால் அவர்கள் சரியான இடத்தில்தான் விரல் வைத்தார்கள். விசுவாசப் பிரமாணத்தை மளமளவென்று ஒப்பித்தவர்கள் ஒரு கவளத்தில் தடுக்கி நின்றார்கள். லைப்சிக் மிஷன் மட்டும் இதற்கு உடன்படவில்லை. சாதி ஒரு சமூக வழக்கம், மெல்லத்தான் கரையும் என்பது அதன் இயக்குநர் கார்ல் கிராலின் வாதம். விலகியவர்கள் பலருக்கு அந்தச் சபை புகலிடமாயிற்று.

இதற்குப் பிறகு அச்சு முறுக்குத் தட்டைப் பார்த்தால் அது அவ்வளவு வெகுளியாகத் தெரியவில்லை. எண்ணெயில் பொரித்தது வாசல் தாண்டலாம்; வெந்த சோறு தாண்டாது என்பது இந்த நாட்டின் பழைய கணக்கு. நான் தட்டுச் சுமந்த வயதில், ஒரு வீட்டுக்கு மட்டும் வாழைப்பழமும் சர்க்கரையும் வெற்றிலையும்தான் வைத்துக் கொடுப்பார்கள். காரணம் கேட்டதற்கு, "அவங்க இதுதான் எடுத்துக்குவாங்க" என்றார் அம்மா. நாங்கள் யார் வீட்டுச் சோற்றை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

இப்போது பண்டிகைப் பகலில் சீரகச் சம்பா பிரியாணி. பல வீடுகளுக்கு அது டேக்சாவில் வந்து இறங்குகிறது. காசு கொடுத்துச் சமைப்பித்ததில் 1850இன் கேள்வி எழுவதில்லை. சாப்பிடுவது மட்டும் அவரவர் வீட்டுக் கூடத்தில்.