கல்லில் பொறித்த ஆண்டும் கொடியில் பொறிக்காத ஆண்டும்: மூணாறு தேவாலயமும் கம்பம் திராட்சையும்

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், போடிமெட்டுக்கு மேற்கே தேயிலை; கிழக்கே இறங்கினால் திராட்சைப் பந்தல்கள். ஒரே மலைத்தொடரின் இரு சரிவுகளிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தடங்கள் உள்ளன. மேற்குச் சரிவில் தேவாலயமும் கல்லறைகளும் சான்றாக நிற்கின்றன. கிழக்குச் சரிவில் நிற்பது ஒரு கொடியும் அதைச் சுற்றிய ஒரு கதையும். முன்னதை வாசிப்பது எளிது. பின்னதை வாசிக்க எச்சரிக்கை வேண்டும்.

பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற ஆண்டு 1877. அடுத்த இருபது ஆண்டுகளில் காடு தோட்டமானது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியாகத் திரட்டப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் போடிநாயக்கனூர் வழியே மலையேறினர். தோட்டத்தின் முதல் பொது மேலாளர் ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் இளம் மனைவி எலினோர் இசபெல் மே, 1894 டிசம்பரில் காலராவில் இறந்தார். மூணாறின் ஒரு குன்றைக் காட்டி, தாம் இறந்தால் அங்கேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் கூறியதாக ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும் கல்லறை அங்கே இருக்கிறது. அதைச் சுற்றியே கல்லறைத் தோட்டம் உருவாயிற்று. தேவாலயம் பின்னர் வந்தது. கிறிஸ்து ஆலயத்தின் அடிக்கல் 1910இல் நாட்டப்பட்டது. 1911இல் வழிபாடு தொடங்கியது. தோட்டத்துரைமாரின் நினைவாகப் பதித்த பித்தளைத் தகடுகள் இன்றும் உட்சுவரில் உள்ளன. அன்று ஆங்கிலேயருக்காக எழுந்த அக்கட்டடத்தில் இன்று தமிழிலும் மலையாளத்திலும் வழிபாடு நடக்கிறது.

இங்கு ஆண்டுகளைப் பற்றிப் பெரிய ஐயம் எழுவதில்லை. கல்லும் தகடும் பேசுகின்றன. ஆனால் அவை யாரைப் பற்றிப் பேசுகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. அதே கொள்ளைநோய்களுக்கு இரையான கூலித் தொழிலாளர்களுக்குப் பித்தளைத் தகடு இல்லை.

இனிக் கிழக்குச் சரிவு. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி ஊர்களில் விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டக்கலையாளர் இதனை மஸ்கட் ஹாம்பர்க் என்பர். பந்தலில் படரவிட்டு, கவாத்து செய்த ஏறத்தாழ நான்கு மாதங்களில் அறுவடை செய்கின்றனர். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துக் காலத்தை மாற்றி அமைப்பதால் ஆண்டு முழுவதும் பள்ளத்தாக்கில் எங்கேனும் பழம் இருக்கும். கவாத்து என்ற சொல் மேலே தேயிலைக்கும் கீழே திராட்சைக்கும் ஒன்றே. சின்னஓவுலாபுரம் பக்கம் உள்ளூர்ப் பழத்தைக் கொண்டே ஒயின் வடிக்கும் ஆலையும் உண்டு.

இத்திராட்சையைப் பற்றி நாளிதழ்களும் புவிசார் குறியீட்டுச் செய்திகளும் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று: 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதனைத் தமிழகத்தில் அறிமுகம் செய்தார் என்பது. கதை பொருத்தமாகவே தோன்றுகிறது. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைப் பழத்திலிருந்தே, கலப்படமின்றிப் பெறப்பட வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். கப்பலில் வரும் இரசத்தை நம்பியிருந்த குருவுக்குச் சொந்தக் கொடி ஒன்று தேவைப்பட்டிருக்கும்.

ஆயினும் 1832 என்ற ஆண்டு இரு இடங்களில் இடறுகிறது. முதலாவது, மஸ்கட் ஹாம்பர்க் பழமையான வகை அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில், சீவர்டு ஸ்னோ என்னும் தோட்டக்காரரால் உருவாக்கப்பட்டதாகவே திராட்சை நூல்கள் பதிவு செய்கின்றன. அலெக்சாந்திரியா மஸ்கட்டும், ஆங்கிலேயர் பிளாக் ஹாம்பர்க் என்றழைத்த திராட்சையும் இதன் பெற்றோர். 1832இல் பிறவாத கொடி அவ்வாண்டில் கடல் கடந்திருக்க இயலாது. இரண்டாவது, மதுரை மறைப்பணித் தளத்திற்குப் பிரெஞ்சு இயேசு சபையினர் வந்தது 1830களின் பிற்பகுதியில். 1832இல் தமிழகத்தில் இருந்த பிரெஞ்சுக் குருக்கள் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிசு அயல்நாட்டு மறைப்பணிச் சபையினர்.

இதனால் கதை முழுதும் பொய் என்று ஆகிவிடாது. வேறொரு திராட்சை வகை முதலில் வந்து, அதன் நினைவு பின்னர் வந்த வகையின்மேல் ஏறியிருக்கலாம். ஆண்டு மட்டும் பிழையாகவும் இருக்கலாம். மறுக்கப்படுவது ஒன்றே: இன்று குறியீடு பெற்ற கொடிக்கு 1832ஐப் பிறப்பாண்டாகக் கொள்வது. கம்பம் பள்ளத்தாக்கின் வேளாண்மையை மாற்றியமைத்த பெரியாறு அணை நீரும் 1895இல்தான் சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. ஒரு பாதிரியாரின் கொடி பல்லாயிரம் உழவர்களின் பயிரானதற்கு நீர், சாலை, சந்தை ஆகியவற்றின் வரலாறு தேவை. தனியொரு அறிமுகக் கதை அவ்விடத்தை நிரப்பாது.

சொற்களும் இங்கு ஒரு சான்று. திராட்சை வடசொல்லிலிருந்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முந்திரிகை, கொடிமுந்திரி என்ற சொற்களையும் இப்பழத்திற்குத் தருகிறது. ஈழத்தமிழில் முந்திரிகை இன்றும் திராட்சையே. மலை தாண்டினால் மலையாளத்திலும் முந்திரி என்பது திராட்சையே. தமிழகத்தில் மட்டும் அச்சொல் போர்த்துக்கீசியர் கொணர்ந்த கொட்டைக்குப் பெயராகிவிட்டது. குமுளிச் சந்தையில் முந்திரி கேட்பவருக்குக் கிடைப்பது, கடைக்காரரின் தாய்மொழியைப் பொறுத்தது. பாதிரியார் வருவதற்கு முன்பே இப்பழத்திற்கு இம்மொழிகளில் பெயர்கள் இருந்தன என்பதையும் அறிமுகக் கதை மறைத்துவிடுகிறது.

ஆய்வு மாணவர் கவனத்திற்கு: மூணாறின் ஆண்டுகளைத் தேவாலயச் சுவரில் படிக்கலாம். கம்பத்தின் ஆண்டுகளை மறைப்பணியாளர் கடிதங்களிலும், மதுரை மாவட்ட நிலவரி ஆவணங்களிலும், பந்தலடியில் கவாத்து செய்யும் முதியோரின் நினைவிலும் தேட வேண்டியுள்ளது. அத்தேடல் நிகழும்வரை 1832ஐ எழுதுவோர் ‘என்று சொல்லப்படுகிறது’ என்ற தொடரையேனும் உடன் சேர்ப்பது முறை.