ஆண் குரலில் பெண்ணின் கண்ணீர்: ஜப்பானியப் பிரிவுப் பாடல்களின் இலக்கணம் குறித்து

ஜப்பானில் இசைத்தட்டு விற்பனையைக் கணக்கிட்டு வெளியிடும் ஓரிக்கொன் ஆண்டுப் பட்டியலில் 1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் முதலிடம் பெற்றது ஒரே பாடல்: 'ஒன்னா நோ மிச்சி', அதாவது 'பெண்ணின் வழி'. 1974இல் அந்த இடம் 'நாமிதா நோ மிசாவோ' என்ற பாடலுக்குச் சென்றது. 'கண்ணீரின் கற்பு' என்று அதைத் தமிழாக்கலாம். முன்னது கைவிடப்பட்ட பெண்ணின் கூற்று. பின்னது கைவிடப்படும் அச்சத்தில் கெஞ்சும் பெண்ணின் கூற்று. இரண்டையும் பாடியவர்கள் ஆண்கள். முதற்பாடலைப் பாடிய மியா ஷிரோவின் பிங்காரா ட்ரியோவும் இரண்டாவதைப் பாடிய டோனோசாமா கிங்ஸும் நகைச்சுவை மேடையிலிருந்து வந்த குழுக்கள் என்பது கூடுதல் வியப்பு. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரு நாடு மிகுதியாக விலைகொடுத்து வாங்கிய துயரம், பெண்ணாகப் பேசும் ஆணின் துயரமாக இருந்தது.

பாடுபவன் ஆண், பேசுபவள் பெண் என்பது கேட்பவருக்கு எவ்வாறு விளங்குகிறது? இந்தியில் தன்மை வினைமுற்றே பேசுபவரின் பாலைக் காட்டிவிடும். தமிழில் 'வந்தேன்' என்பதில் பால் இல்லை. ஜப்பானிய வினையும் பால் காட்டுவதில்லை; ஆனால் அதைச் சூழ்ந்துள்ள சிறுசொற்கள் காட்டுகின்றன. காதற்பாடலில் காதலரை 'அனாத்தா' என விளித்தால் பேசுபவள் பெரும்பாலும் பெண். 'கிமி' அல்லது 'ஒமாயே' என்றால் ஆண். வாக்கிய இறுதியில் வரும் 'வா', 'நோ', 'காஷிரா' போன்ற இடைச்சொற்கள் பெண்மொழியின் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. (கன்சாய் வட்டாரத்து ஆண்களும் 'வா' சொல்வதுண்டு, அங்கே தொனி இறங்கும்.) 'பெண்ணின் வழி'யில் 'அனாத்தா', 'வா', 'நோ' மூன்றும் உள்ளன. ஓர் அசை போதும். கரகரத்த ஆண் குரலுக்குள் ஒரு பெண் வந்து நின்றுவிடுகிறாள்.

இதற்குப் பழைய மரபைச் சான்று காட்டுவது வழக்கம். சொசெய் என்ற துறவி, வருவதாகச் சொன்னவனுக்காக இரவெல்லாம் காத்திருக்கும் பெண்ணாகப் பாடிய செய்யுள் 'ஹியாக்குனின் இஷ்ஷு' தொகையில் உள்ளது. கி நோ த்சுராயுக்கி ஏறத்தாழ 935இல் தம் பயண நாட்குறிப்பைப் பெண் எழுதியதாகவே எழுதினார். 1629இல் பெண்கள் மேடையேறத் தடை வந்தபின் கபுக்கி அரங்கில் பெண் வேடம் ஆண்களின் தனிக்கலையாயிற்று. எல்லாம் உண்மையே. ஆயினும் இவற்றை ஒரே நூலில் கோத்து 'ஜப்பானியரின் மனம்' என்று பெயரிடுவது எளிதான பிழை. இப்பாடல்கள் சேர்க்கப்படும் 'என்கா' என்ற வகையே அவ்வளவு பழையதன்று. அச்சொல் 1880களில் மக்கள் உரிமை இயக்கத்தின் அரசியல் பாட்டுகளைக் குறித்தது. துயர் ததும்பும் 'ஜப்பானிய ஆன்மா' என்ற இன்றைய பொருள் 1960களின் பிற்பகுதியில்தான் உருவாக்கப்பட்டது என்று வஜிமா யூசுக்கே 2010இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

நவீனப் பிரிவுப் பாடலுக்கு மரபைவிட ஒலிவாங்கிக்குக் கடன் அதிகம். 1931இல் கோகா மசாவோ இசையமைத்த 'சாக்கே வா நாமிதா கா தமேய்க்கி கா' பாடலைப் பாடிய ஃபுஜியாமா இச்சிரோ, டோக்கியோ இசைப்பள்ளி மாணவர். அரங்கின் கடைசி வரிசைவரை எட்டப் பாடக் கற்றவர், ஒலிவாங்கியின் முன் பெருமூச்சளவுக்குக் குரலைத் தணித்தார். மறைபெயரில் பாடியது தெரியவந்ததும் பள்ளி அவரைத் தண்டித்தது. ஆணின் துயரம் உரக்க ஒலிக்க வேண்டியதில்லை என்பதை அந்தத் தட்டு கற்றுக்கொடுத்தது. 1966இல் 18 வயது மோரி ஷின்இச்சி 'பெண்ணின் பெருமூச்சு' என்னும் பாடலுடன் அறிமுகமானபோது அந்தத் தணிந்த குரல் உடைந்த, கரகரத்த குரலாகியிருந்தது, பேசுபவளும் பெண்ணாகியிருந்தாள்.

அந்தப் பெண் யார் என்பதே உண்மையான சிக்கல். 'பெண்ணின் வழி'யின் சொற்களை எழுதியவரும் மியா ஷிரோவே. ஏமாந்தது தன் குற்றம் என்று அவள் தன்னையே நொந்துகொள்கிறாள். இனிக் காதலே வேண்டாம் எனச் சூளுரைக்கிறாள். அவனைப் பழித்து ஒரு சொல் இல்லை. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1970 அக்டோபர் 21 அன்று, டோக்கியோ வீதியில் பெண்கள் விடுதலை கேட்டு ஊர்வலம் சென்றிருந்தனர். வீதியில் பெண்கள் ஒன்று பேச, தட்டில் ஆண்கள் அவர்களுக்காக வேறொன்று பேசினர். அவள் வாயில் வைக்கப்பட்ட மொழிக்கும் ஒரு வரலாறு உண்டு. 'பெண்மொழி' என்பது தொன்மையான பண்பன்று, மேய்ஜி காலத்தின் ஆக்கம் என்று மொழியியல் மானிடவியலாளர் இனோவே மியாக்கோ 2006இல் வெளியான ஆய்வில் காட்டினார். பள்ளி மாணவியர் பேசிய 'வா' முதலிய முடிவுகளை அக்கால அறிவாளர்கள் கொச்சை என்று இகழ்ந்தனர். பின்னர் அதே முடிவுகள் நாவல்கள், இதழ்கள் வழியே பெண்மையின் இலக்கணமாயின. முதலில் கேட்டு இகழ்ந்த காதும் பின்னர் எழுதிக் கொடுத்த கையும் பெரும்பாலும் ஆண்களுடையவை.

எனவே இப்பாடல்களைப் பரிவு என்று மட்டும் போற்றவும் முடியாது, பொய்க்குரல் என்று ஒதுக்கவும் முடியாது. வெளிப்படையாக அழ ஆணுக்கு இசைவில்லாத ஒரு சமூகத்தில் பெண்ணின் இடைச்சொல் அவனுக்கு ஒரு திரைச்சீலையாயிற்று. திரைக்குப் பின்னால் அவன் அழுதான். பழியை மட்டும் அவள் சுமந்தாள்.

1973இல் ககுயாஹிமே குழுவின் மினாமி கோசெத்சு பாடிய 'கண்டகவா' இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. மூன்று பாய் அகலமுள்ள வாடகை அறை, பொதுக் குளியலறைக்கு வெளியே ஈரத்தலையுடன் காத்திருந்த குளிர் ஆகியவற்றை ஒருத்தி 'காஷிரா' என்ற பெண்முடிவோடு நினைவுகூர்கிறாள். ஆனால் பாடலாசிரியர் கிதாஜோ மக்கோத்தோ அதை எழுதியது தம் மாணவப் பருவத்து நினைவிலிருந்து. தன் குற்றவுணர்வைக்கூட அவள் வாயால் கேட்டால்தான் தாங்க முடிந்தது போலும்.

அதன்பின் 'போக்கு' வந்தது. 'நான்' என்று பொருள்படும் இச்சொல்லின் எழுத்து 'பணியாள்' என்பதைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் மாணவர்களிடையே பரவிய, 'ஒரே' என்பதைவிட மென்மையான ஆண் தன்மைச்சொல் இது. மகிஹாரா நொரியுக்கி 1992இல் பாடிய 'மோ கோய் நாந்தே ஷினாய்' இந்தப் 'போக்கு'வின் பாடல். காதலி சென்றுவிட்டாள். அவள் இல்லாமலும் எல்லாம் முடியும் என்று காட்ட அவன் கெண்டியை அடுப்பில் வைக்கிறான். தேயிலை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. காலை உணவைச் சமைத்துவிடுகிறான்; சுவை இல்லை. ஆணின் பிரிவுத்துயரம் முதன்முறையாகச் சமையலறைக்குள் நுழைந்து, அங்கே இதுவரை யார் உழைத்தார் என்பதைக் கண்டுகொண்டது எனலாம். தலைப்பு இனிக் காதலே இல்லை என்கிறது. ஆனால் தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில் வரும். பாடல் அந்தச் சூளுரையின் பின்னால் இன்னோர் எதிர்மறை வினையை ஒட்டி அதைக் கவிழ்த்துவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் 'வா' என்று முடித்து ஒரு பெண் சொன்ன அதே சூளுரையை, 'யோ' என்று முடித்து ஓர் ஆண் சொல்ல மறுக்கிறான்.

இங்கே ஓர் இழப்பும் உண்டு. 1997இல் வெளியாகி, 2007இல் ஷின்கை மக்கோத்தோவின் '5 சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட்' திரைப்படம் வழியாக உலகெங்கும் சென்ற யமசாக்கி மசயோஷியின் 'ஒன் மோர் டைம், ஒன் மோர் சான்ஸ்' பாடலில் ஆண் தன் குரலிலேயே ஏங்குகிறான். எதிர்ப்புற நடைமேடையிலும் சந்துகளின் சாளரங்களிலும் அவளைத் தேடுகிறான். அவள் எங்கும் இல்லை, பேசவும் இல்லை. முன்பு அவளுக்கு இரவல் மொழியேனும் இருந்தது. 'போக்கு'வின் பாடல்களில் அவள் வெறும் 'கிமி'.

அவள் பேச்சு வேறிடத்தில் இருந்தது. நகஜிமா மியுக்கி போன்ற பெண்கள் பிரிவைத் தாமே எழுதித் தாமே பாடிக்கொண்டிருந்தனர். தகெவுச்சி மரியா 1986இல் நக்கமோரி அக்கினாவுக்காக எழுதி, மறு ஆண்டு தாமும் பாடிய 'ஏக்கி' (ரயில் நிலையம்) பாடலில், பழைய காதலனை அடுத்த பெட்டியில் கண்டும் ஒருத்தி பேசாமல் இருக்கிறாள். அதில் ஓரிடத்தில் வேற்றுமை உருபு தொக்கி நிற்பதால், அவன் அவளை மட்டும் நேசித்தானா, அவள் மட்டும்தான் நேசித்தாளா என்று துணிய முடியாது. தமிழில் 'என்னை', 'நான்' என்று ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஜப்பானிய மொழி விட்டுவிடுகிறது. இரசிகர்கள் இன்றும் இதைப் பற்றி வாதிடுகின்றனர். 2005இல் தொக்குனாகா ஹிதேயாக்கி, பெண்கள் பாடிப் புகழ்பெற்ற பாடல்களை மட்டுமே கொண்ட 'வோக்கலிஸ்ட்' தொகுப்பில் இதையும் பாடினார். இம்முறை பெண்ணின் சொற்களை எழுதியவர் ஒரு பெண். அவர் குரலிலும் அந்த உருபு தொக்கியே நிற்கிறது.