கைகாட்டியைத் திருப்பியவர்கள்

எஸ்தோனியா தேசத்தில் டார்ட்டு என்று ஒரு பட்டணம். பழமையான சர்வகலாசாலைக்குப் பெயர் போன ஊர். அங்கே 'ரோவ் டிஜிட்டல்' என்ற கம்பெனி நடத்தியவர்களில் ஆறு பேரை 2011 நவம்பரில் அந்நாட்டுப் போலீஸார் கைது செய்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களை வழி மாற்றி விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு.

கதை எழுதிப் பிழைப்பவன் நான். இந்தச் சூழ்ச்சி எனக்குத் தோன்றியிருக்காது! இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எண் உண்டு. நமக்கோ பெயர்தான் ஞாபகம் இருக்கும். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்ல, டி.என்.எஸ். என்று ஓர் ஏற்பாட்டை 1983-ல் செய்து வைத்தார்கள். அது முச்சந்திக் கைகாட்டி மாதிரி. கைகாட்டியை யார் சந்தேகிக்கிறார்கள்?

வீடியோ பார்க்க வேண்டுமானால் இதை இறக்கிக்கொள் என்று ஆசை காட்டினார்கள். இறக்கியதும் அது கைகாட்டியையே மாற்றிவிட்டது. அப்புறம் கேட்ட கேள்வியெல்லாம் இவர்களுடைய கம்ப்யூட்டர்களுக்கே போயின. ஐட்யூன்ஸைத் தேடியவர் சம்பந்தமில்லாத கடையில் போய் நின்றார். அமெரிக்க வரி இலாகாவைத் தேடியவர், வரிக்கணக்கு எழுதித் தரும் தனியார் கம்பெனி வாசலில் நின்றார். ஆள் பிடித்துக் கொடுத்த கமிஷன் 1 கோடியே 40 லட்சம் டாலர். சட்டைப் பையில் கை வைத்தால் பறி கொடுத்தவன் கூச்சல் போடுவான். வழி தவறியவனுக்குத் தவறியதே தெரியாது. போதாததற்கு, கிருமியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக் கொள்ளவும் விடவில்லை.

பிடித்த பிறகுதான் சங்கடம். பொய்க் கைகாட்டியைப் பிடுங்கிவிட்டால், அதை நம்பியிருந்த அத்தனை பேருக்கும் இணையமே இருண்டுவிடும். ஆகையால் அமெரிக்க நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, திருடன் வைத்த இடத்திலேயே நல்ல கைகாட்டி ஒன்றை நட்டு, 2012 ஜூலை 9 வரை காத்தார்கள். கூகுளும் பேஸ்புக்கும் உரியவர்களின் திரையிலேயே எச்சரிக்கை காட்டின. அப்படியும் கடைசி நாளில் இரண்டு லட்சத்துக்கு மேல் கம்ப்யூட்டர்கள் மாறாமல் இருந்தன. கூட்டத்தின் தலைவன் விளாதிமிர் சாஸ்ட்சினுக்கு 2016-ல் நியூயார்க்கில் ஏழேகால் வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்த இரண்டு லட்சம் பேரை அசட்டுகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'உங்கள் கம்ப்யூட்டரில் கிருமி இருக்கிறது, இங்கே தட்டுங்கள்' என்று என் திரையில் வந்திருந்தால், இதுவும் ஒரு மோசடி என்று நானும் மூடித்தான் வைத்திருப்பேன்.