வீட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்தலாமா? பிளான் அனுமதி வாங்குவது எப்படி?

திருப்பூர்,

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு என்றால் காலை 8.30 மணிக்கு உள்ளே போகிறவர் இரவு 8.30 மணிக்குத்தான் வெளியே வருவார். கணவன், மனைவி இருவரும் வேலைக்கு போகும் வீட்டில் 2 வயது குழந்தையை யார் பார்ப்பது? ஊரில் இருந்து பாட்டியை வரவழைத்தவர்கள் தப்பித்தார்கள். அங்கன்வாடிக்கு அனுப்பினாலும் மாலையில் பூட்டி விடுவார்கள். எனவே பக்கத்து தெரு அக்காவிடம் மாத கணக்கு பேசி, குழந்தையை விட்டுவிட்டு ஓடுகிறவர்களே அதிகம்.

இப்படி நாலு குழந்தைகளில் தொடங்குவது நல்ல பெயர் கிடைத்தால் 20 குழந்தைகள் ஆகி விடும். வாசலில் போர்டு மாட்டுவார்கள். வேன் வந்து நிற்கும். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுப்பார். அதிகாரிகள் நோட்டீசுடன் வருவார்கள்.

"என் சொந்த வீடு, ஒரு செங்கல் கூட மாற்றவில்லை, எதுக்கு அனுமதி?" என்று பலரும் கேட்பது வழக்கம். இங்கேதான் சிக்கல்.

சுவரை தொடாவிட்டாலும் அனுமதி

1971-ம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்பு சட்டப்படி, புதிதாக கட்டுவது மட்டும் 'வளர்ச்சி பணி' அல்ல. ஏற்கனவே உள்ள கட்டிடத்தின் உபயோகத்தை மாற்றுவதும் அதில் அடக்கம். குடியிருக்க அனுமதி வாங்கிய வீட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்தினால் அது உபயோக மாற்றம். இந்த சட்டத்தின் 49-வது பிரிவின் கீழ் விண்ணப்பித்து திட்ட அனுமதி பெற வேண்டும்.

அனுமதி இல்லாமல் நடத்தினால் 56, 57-வது பிரிவுகளின் கீழ் நோட்டீசு கொடுக்கலாம். நிறுத்த சொல்லலாம். பூட்டி 'சீல்' வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. அந்த நாளில் காலை 8 மணிக்கு குழந்தையை தூக்கிக்கொண்டு வரும் தாய், பூட்டிய கதவை பார்த்துவிட்டு வேலைக்கு போக முடியாமல் திரும்ப வேண்டியதுதான். ஒருநாள் கூலி போய்விடும்.

முதலில் பார்க்க வேண்டியது

வீட்டின் சர்வே எண் முழுமை திட்டத்தில் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, பொது நிறுவனம், விவசாயம் என்று நிலத்தை பிரித்து வைத்து இருக்கிறார்கள். குடியிருப்பிலேயே முதன்மை குடியிருப்பு, கலப்பு குடியிருப்பு என்று 2 வகை உண்டு. கலப்பு குடியிருப்பில் கூடுதல் உபயோகங்களுக்கு இடம் கிடைக்கும்.

சென்னை பெருநகர் பகுதிக்கு சி.எம்.டி.ஏ. அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். மற்ற ஊர்களுக்கு உள்ளூர் திட்டக்குழுமம் அல்லது மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம். வீட்டை வாடகைக்கு பிடித்து நடத்த நினைக்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதை பார்த்துவிடுவது நல்லது. அட்வான்ஸ் கொடுத்து, சுவரில் பொம்மை படம் எல்லாம் வரைந்து முடித்த பிறகு மண்டலத்தை விசாரிக்க போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மண்டலம் இடம் கொடுத்தால் விண்ணப்பித்து விடலாம். இடம் கொடுக்காவிட்டால் நில உபயோகத்தையே மாற்ற தனியாக மனு போட வேண்டும். அதற்கு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து பொதுமக்களிடம் ஆட்சேபனை கேட்பார்கள். காலமும் பணமும் அதிகம் பிடிக்கும். 10, 15 குழந்தைகளை வைத்து நடத்துகிறவருக்கு இது கட்டுப்படி ஆகாது. வேறு வீடு பார்ப்பதே லாபம்.

என்னென்ன பேப்பர்?

பத்திரம், பட்டா, வில்லங்க சான்று, எப்.எம்.பி. எனப்படும் புலப்படம், ஏற்கனவே வாங்கிய கட்டிட அனுமதி, பதிவு பெற்ற என்ஜினீயர் போட்ட வரைபடம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. விண்ணப்பத்தை ஒற்றை சாளர இணையதளம் வழியாக போடலாம்.

2019-ம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி வரைபடத்தை பரிசீலிப்பார்கள். தெருவின் அகலம், வீட்டை சுற்றி விட்டுள்ள காலி இடம், வண்டி நிறுத்தும் வசதி ஆகியவற்றை அளப்பார்கள். பழைய பிளானில் கார் நிறுத்த காட்டிய இடத்தில் ரூம் போட்டு இருந்தால் அது அப்போது வெளியே வந்துவிடும்.

2024-ம் ஆண்டு ஜூலை மாதம் வந்த சுய சான்று திட்டத்தை சிலர் இதற்கும் செல்லும் என்று நினைக்கிறார்கள். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் குடியிருப்பு வீட்டுக்குத்தான் அந்த சலுகை. காப்பகத்துக்கு செல்லாது.

அங்கீகாரம் இல்லாத மனையில் வீடு இருந்தால் முதலில் மனையை வரன்முறை செய்ய வேண்டும். 2016-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதிக்கு முன்பு விற்று பதிவான மனைகளுக்காக 2017-ல் இதற்கு விதி கொண்டு வந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்

காலையில் வண்டிகள் வாசலை மறிக்கிறது, மதியம் அழுகை சத்தம் தாங்க முடியவில்லை, கழிவுநீர் தொட்டி நிரம்புகிறது. புகார்கள் பெரும்பாலும் இந்த மூன்றைத்தான் சுற்றி வரும். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. நைட் ஷிப்டு முடித்து பகலில் தூங்குகிறவரும் அதே தெருவில்தான் குடியிருக்கிறார்.

குழந்தையை இறக்கிவிடும் நேரத்தை பிரித்து கொடுப்பது, வேனை தெருமுனையில் நிறுத்துவது, விளையாட்டை வீட்டின் பின்பக்கம் வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசி முடித்தால் பாதி மனுக்கள் வராது.

குழந்தையின் உயிர்

விதிகளை 'லஞ்சம் வாங்க போட்டது' என்று திட்டுகிறவர்கள் உண்டு. 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் நடந்ததை அவர்கள் நினைத்து பார்க்க வேண்டும். பள்ளிக்கூட சமையலறையில் பற்றிய தீ கூரைக்கு பரவியது. மாடியில் இருந்த பிள்ளைகளால் குறுகலான படிக்கட்டில் இறங்க முடியவில்லை. 94 குழந்தைகள் பலியானார்கள். 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மதுரை கே.கே.நகரில் தனியார் மழலையர் பள்ளியில் 4 வயது சிறுமி தண்ணீர் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள்.

வீடாக கட்டியதை காப்பகமாக மாற்றும்போது கவனிக்க வேண்டியது இவைதான். சம்ப் மூடி பூட்டி இருக்கிறதா? சிலிண்டர் குழந்தைகள் இருக்கும் அறைக்கு வெளியே இருக்கிறதா? வெளியே ஓட இன்னொரு வழி உண்டா? மாடியில் நடத்தவே கூடாது, தரைத்தளம்தான் சரி.

2018-ல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறையில் ஒரு குழந்தைக்கு 10 முதல் 12 சதுர அடி இடம் வேண்டும் என்று சொல்லப்பட்டு இருக்கிறது. 3 வயதுக்கு உட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர். வேலைக்கு எடுப்பவர்களை பற்றி போலீஸ் விசாரணை சான்றும் வாங்க வேண்டும்.

மற்ற அலுவலகங்கள்

திட்ட அனுமதி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க கூடாது. பாடமும் சொல்லிக்கொடுத்து 'பிளே ஸ்கூல்' என்று போர்டு வைத்தால், 2015-ல் தமிழக அரசு கொண்டு வந்த மழலையர் விளையாட்டு பள்ளி விதிப்படி கல்வித்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். 1965-ம் ஆண்டு பொது கட்டிட உரிம சட்டப்படி தாசில்தார் தரும் உரிமமும், கட்டிட உறுதி சான்றும் கேட்பார்கள். தீயணைப்பு துறை சான்று, சமைத்து கொடுத்தால் உணவு பாதுகாப்பு துறை பதிவு ஆகியவையும் தேவை.

இரவிலும் குழந்தைகளை தங்க வைத்தால் கதை வேறு. விடுதி, இல்லங்களுக்கான 2014-ம் ஆண்டு சட்டத்தில் கலெக்டரிடம் உரிமம் பெற வேண்டி வரும்.

மின் இணைப்பை பலர் மறந்து விடுகிறார்கள். 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது குடியிருக்கும் வீட்டுக்கு. அதே இணைப்பில் காப்பகம் நடத்துவதை கண்டுபிடித்தால் 2003-ம் ஆண்டு மின்சார சட்டத்தின் 126-வது பிரிவின்படி 2 மடங்கு கட்டணம் கணக்கு போடுவார்கள். சொத்து வரியும் குடியிருப்பு கணக்கில் இருந்து மாறும். பெற்றோரிடம் மாத கட்டணம் பேசும்போதே இதையும் சேர்த்து பார்க்காவிட்டால் கையை கடிக்கும்.

கம்பெனியின் பொறுப்பு

50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வசதி செய்து தர வேண்டும் என்று 2017-ல் பேறுகால பயன் சட்டத்தில் திருத்தம் வந்தது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்த சமூக பாதுகாப்பு சட்ட தொகுப்பிலும் இது தொடருகிறது. தாய் ஒரு நாளில் 4 முறை போய் குழந்தையை பார்த்து வரலாம். பல கம்பெனிகள் சேர்ந்து பொதுவாக ஒரு காப்பகம் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. கம்பெனிகளுக்கு பக்கத்து தெருவில் முறையான அனுமதியுடன் காப்பகம் வைத்து இருப்பவர்கள் அங்கே பேசி பார்க்கலாம்.

மனு தள்ளுபடி ஆனால்

நிராகரித்தால் காரணத்தை எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதே சட்டத்தின் 79-வது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். வாய்வார்த்தையாக "கிடைக்காது, போங்கம்மா" என்று சொன்னதை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. விண்ணப்ப எண், கட்டிய பணத்தின் ரசீது இரண்டையும் பத்திரமாக வைத்து இருக்க வேண்டும்.