முட்டைக் குளவிகளின் இனங்காணல்: ஒரு வரலாற்று நோக்கு

அரை மில்லிமீற்றர் அளவே நீளமுள்ள குளவிகள் உள. அவை அந்துப்பூச்சிகளின் முட்டைகளைத் தேடிச் சென்று, அவற்றினுள்ளே தம் முட்டைகளை இடுகின்றன. குளவியின் குடம்பி உள்ளிருந்தவாறே விருந்துவழங்கியின் கருவை உண்டு முடிக்கின்றது. புழு வெளிவரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வெளிவருகின்றது. பயிரைத் தின்னும் புழு பிறக்குமுன்னரே அழிந்துபோவதால் உழவனுக்கு இதனினும் நல்ல துணை கிடைப்பது அரிது. இக்குளவிகளை உள்ளடக்கிய திரைக்கோகிராமா என்னும் சாதியை 1833 இல் வெஸ்ற்வூட் என்னும் ஆங்கிலப் பூச்சியியலறிஞர் நிறுவினார். சிறகின்மீது மயிர்கள் வரிவரியாக அமைந்திருத்தலே இப்பெயருக்குக் காரணமாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ரைலி என்பார் 1871 இல் மினூற்றம் என்ற இனத்தையும், 1879 இல் பிரெற்றியோசம் என்ற இனத்தையும் விவரித்தார். ஆயின் பின்வந்தோர் இவற்றிடையே உறுதியான வேறுபாடு எதனையும் காணாமையால், கிடைத்தவற்றையெல்லாம் மினூற்றம் என்றே அழைக்கும் வழக்கம் பரவிற்று. 1930 இல் பிளாண்டர்ஸ் என்பவர் தானிய அந்துப்பூச்சியின் முட்டைகளைக் கொண்டு இக்குளவிகளைப் பேரளவில் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதன் பயனாகக் குளவிகள் பெருந்தொகையாக வயல்களில் விடப்பட்டன. விடப்பட்டது எந்த இனம் என்ற வினா மட்டும் விடையின்றியே நின்றது. இந்தியாவிற் கரும்புத் துளைப்பான்களுக்கெதிராகப் பயன்பட்ட குளவியும் நெடுங்காலம் மினூற்றம் என்ற பெயரையே தாங்கியிருந்தது.

அக்காலத்து அறிஞர் கவனமின்றி இருந்தனர் என்று கூறுதல் முறையன்று. அவர்கள் நம்பிய உடலமைப்புக் குறிகளே அவர்களை ஏமாற்றின. இக்குளவிகளின் நிறம் வளரும் சூழலின் வெப்பநிலைக்கேற்ப மாறுவது. குளிரில் வளர்ந்தவை கருமை மிகுந்து தோன்றும். இதனினும் வியப்பானது 1937 இல் ஜோர்ஜ் சோல்ற் வெளியிட்ட ஆய்வு. செம்பிளிடிஸ் என்னும் இனத்தின் ஆண், அந்துப்பூச்சியின் முட்டையில் வளர்ந்தாற் சிறகுடன் வெளிவருகின்றது. நீரருகே வாழும் சியாலிஸ் பூச்சியின் முட்டையில் வளர்ந்தாலோ சிறகற்றதாய் வெளிவருகின்றது. உணர்கொம்பின் அமைப்பும் வேறாகி விடுகின்றது. இவ்விரு ஆண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், ஒரே இனம் என்று ஒருபோதும் எண்ணார். உண்ட உணவே உருவை மாற்றுமாயின், உருவை வைத்து இனத்தை எங்ஙனம் வரையறுப்பது?

இதற்கு விடை பெங்களூரிலிருந்து வந்தது. அங்கிருந்த பொதுநலவாய உயிரியற் கட்டுப்பாட்டு நிறுவகத்தின் இந்திய நிலையத்திற் பணியாற்றிய சுதா நாகர்கட்டி, எச். நாகராஜா ஆகிய இருவரும் 1968 இல் தம் கலப்புச் சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டனர். குளவிகளிற் கருக்கட்டிய முட்டை பெண்ணாகவும், கருக்கட்டாத முட்டை ஆணாகவும் வளர்வது பொதுவிதி. ஆகவே இரு வகைகளைக் கலந்தபோது ஆண் மக்களே பிறந்து பெண் மக்கள் பிறவாவிடின், அக்கலப்புப் பயனளிக்கவில்லை என்பது தெளிவு. இவ்வழியில், ஒன்றெனக் கருதப்பட்டவை தனித்தனி இனங்கள் என்பது புலனாயிற்று. அதன்பின் அவர்கள் இவ்வினங்களின் ஆண்களை வழுக்கிகளிற் பதித்து நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு இனத்துக்கு இனம் வேறுபடுவதை 1971 இல் நிறுவினர். பிறப்புரிமையியல் முதலிற் பிரித்துக் காட்ட, உடலமைப்பியல் அதற்கேற்ற குறியைப் பின்னர் கண்டறிந்தது என்பதே இவ்வரலாற்றில் நாம் உற்றுநோக்கவேண்டியது. சோதனை வழிகாட்டியிராவிடின், எண்ணற்ற குறிகளுள் எது நம்பத்தக்கது என்பதை அறிய வழியே இருந்திராது.

இதனால் முன்னைய ஆய்வுகள் பல பயனிழந்தன. மினூற்றம் என்ற ஒரே தலைப்பின்கீழ் வெவ்வேறு இனங்களின் வாழ்க்கை வரலாறுகள் கலந்து கிடந்தன. மாதிரிகள் பேணப்படாத இடத்து அவற்றைப் பிரித்தெடுத்தல் இயலாததாயிற்று. பெயர்க் குழப்பமும் உடனே நீங்கவில்லை. இந்தியக் கரும்பு வயற் குளவி அவுஸ்திராலிக்கம் எனப்பட்டது. அப்பெயர் பொருந்தாதெனக் கண்ட விஜ்ஜியானி 1976 இல் அதற்குக் கொன்பியூசம் என்று பெயரிட்டார். குழப்பம் என்ற பொருள்தரும் அச்சொல்லை அவர் நிலைமையறிந்தே தேர்ந்தார் போலும்! ஈற்றில், 1941 இல் யப்பானில் இஷி விவரித்த கைலோனிஸ் என்பதே இவ்வினம் என 1979 இல் நாகர்கட்டியும் நாகராஜாவும் காட்டினர்.

ஆணின் உறுப்பைக் கொண்டு இனங்காணும் முறைக்கும் ஓர் எல்லை இருந்தது. சில கூட்டங்களில் ஆண்களே இல்லை. பெண்கள் கன்னிப்பிறப்பாற் பெண்களையே ஈன்றன. 1990 இல் ஸ்ரௌதாமரும் அவர் துணைவரும் இப்பெண்களுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்தை ஊட்டியபோது ஆண்கள் பிறந்தன! உடலினுள் வாழும் வொல்பாக்கியா என்னும் பற்றீரியாவே ஆண்களைத் தோன்றாமற் செய்திருந்தது. இவ்வாறு பிறப்பித்த ஆண்களைக் கொண்டு அக்கூட்டங்களின் இனத்தையும் அறிய வழி பிறந்தது. பின்னர் 1990களின் இறுதியில், றைபோசோம் பரம்பரையலகுகளுக்கு இடையிலுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டின் நீளமும் வரிசையும் இனத்துக்கினம் வேறுபடுதல் கண்டறியப்பட்டமையால், தனியொரு பெண் குளவியைக் கொண்டே இனத்தைத் துணிதல் கைகூடிற்று.

இவையெல்லாம் பெயரிடுவோரின் நுண்ணிய வழக்குகள் என்று ஒதுக்குவோர் மினூற்றம், பிளற்னெரி என்னும் இரு வட அமெரிக்க இனங்களை எண்ணிப் பார்க்கவேண்டும். பின்னதை 1975 இல் நாகர்கட்டி விவரித்தார். உருவத்தில் இவற்றைப் பிரித்தல் இயலாது. ஒன்றன் ஆண் மற்றதன் பெண்ணுடன் தயக்கமின்றிக் கூடும். ஆயின் அக்கூடலிற் பெண் மக்கள் தோன்றுவதில்லை. பிளற்னெரி இயல்பாக வாழும் பழத்தோட்டமொன்றில் வணிக நிலையத்திலிருந்து வாங்கிய மினூற்றத்தைக் கொட்டினால், அங்குள்ள பெண் குளவிகள் வேற்றின ஆண்களுடன் கூடி, அடுத்த தலைமுறையில் முட்டைகளை அழிக்கவல்ல பெண்களின் தொகை குறையக்கூடும். 2000 ஆம் ஆண்டில் ஸ்ரௌதாமர் குழுவினர் இவ்வாபத்தையே சுட்டிக்காட்டினர்: துணையாக விட்ட குளவி, முன்னரே அங்கிருந்த துணையை ஒழித்துவிடலாம்.