படிப்பு ஏறாத பிள்ளைகள்: அவதானக் குறைபாட்டின் வரலாறும் டயகமவும்

"இவனுக்குப் படிப்பு ஏறாது" என்பது மலையகத் தோட்டப் பாடசாலைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு என்று சொல்வது மிகையன்று. அச்சொற்கள் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லப்பட்டுவிட்டால் அதன் எதிர்காலம் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோட்டன் சமவெளியின் அடிவாரம்வரை தேயிலை படர்ந்து கிடக்கும் டயகமவில், அத்தகைய பிள்ளை பின்வாங்கில் சில ஆண்டுகள் அமர்ந்திருக்கும். பின்னர் கொழுந்து மலைக்கோ, கொழும்பில் ஒரு கடைக்கோ, யாரோ ஒருவர் வீட்டு அடுப்படிக்கோ போய்ச் சேரும். அது ஏன் ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் தவித்தது, சொன்னதைக் கேளாததுபோல் ஏன் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. மருத்துவ விஞ்ஞானம் இவ்வினாவை எழுப்பி நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதற்குக் கிடைத்த விடைகள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. அம்மாற்றங்களுக்கு ஆய்வுகூடம் மாத்திரமே காரணமன்று.

1902ஆம் ஆண்டு, இலண்டன் அரச வைத்தியர் கல்லூரியில், குழந்தை வைத்தியரான ஜோர்ஜ் பிரெட்ரிக் ஸ்டில் மூன்று விரிவுரைகள் நிகழ்த்தினார். தாம் கண்ட 43 பிள்ளைகளைப் பற்றி அவர் பேசினார். அவர்களுள் ஒரு பகுதியினர் அறிவிலே எவ்விதக் குறையும் இல்லாதவர்கள். ஆயினும் ஒரு செயலிலே மனத்தை நிறுத்தமாட்டாதவர்கள், உந்துதலை அடக்கமாட்டாதவர்கள், தண்டனையால் திருந்தாதவர்கள். இது பிரம்பினால் தீரும் விஷயமன்று, உடலைச் சார்ந்ததோர் அடிப்படை இருத்தல் வேண்டும் என்று அவர் கருதியது ஒரு பெரும் முன்னேற்றமாகும். ஆனால் அந்நிலைக்கு அவர் இட்ட பெயர் "ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை" என்பது. உடலிலே காரணத்தைத் தேடியவரும் பெயரிடும்போது ஒழுக்கத்தையே நாடினார். அவர் வாழ்ந்த சமுதாயத்தின் குரல் அது.

இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டுச் சட்டம் 5 முதல் 10 வயதுவரையான பிள்ளைகள் யாவரையும் பாடசாலைக்கு வரக் கட்டாயப்படுத்தியிருந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் முதன்முறையாக மணிக்கணக்கில் வாங்குகளில் அசையாது அமர்த்தப்பட்டார்கள். அமரமுடியாத பிள்ளை கண்ணிற் படுவதற்கு அமரவைக்கும் இடம் ஒன்று வேண்டுமல்லவா? இலங்கையின் மலைநாட்டிலே அக்காலத்தில் அப்படியோர் இடம் பெரும்பாலும் இருக்கவில்லை. ஸ்டில் விரிவுரை நிகழ்த்திய நாட்களில் இங்கே பிள்ளைகளின் பெயர்கள் செக்ரோலில் ஏறிக்கொண்டிருந்தன. "பேர் போடுதல்" என்றால் ஒரு நாட்கூலி பதிவாதல். களை பிடுங்கவும் கொழுந்து கிள்ளவும் துருதுருத்த கால்கள் ஒரு தடையல்ல. தோட்டத் துரைக்கு வேண்டியிருந்தது பிள்ளையின் விரல்கள்; அதன் அவதானமன்று. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டந்தான் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிருவாகங்களின்மீது சுமத்தியது. அதற்கு ஏழாண்டுகளின் பின், 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமோ ஆண், பெண், பிள்ளை என மூவகைக் கூலியை நிர்ணயித்தது. வாங்கிலும் மலையிலும் ஒரே பிள்ளைக்கு இடம் ஒதுக்கிய சட்டங்கள் இவை.

ஐரோப்பாவில் ஆராய்ச்சி வேறொரு பாதையில் நகர்ந்தது. முதல் உலகப் போரின் இறுதியாண்டுகளில் பரவிய மூளையழற்சிக் காய்ச்சலிலிருந்து தப்பிய பிள்ளைகள் பலர், நோய்க்கு முன் அமைதியாக இருந்தவர்கள், பின்னர் ஓயாத அசைவும் சிதறிய கவனமும் உடையவர்களாக மாறினர். நடத்தைக்கும் மூளைக்கும் உள்ள உறவை இது கண்முன் காட்டியது. 1932இல் பெர்லினில் பிரான்ஸ் கிராமர், ஹான்ஸ் பொல்னோ என்னும் இரு வைத்தியர்கள், அத்தகைய காய்ச்சல் காணாத பிள்ளைகளிடத்தும் இதையொத்த நிலை உண்டெனக் காட்டி அதனை "மிகையியக்க நோய்" என விவரித்தனர். யூதரான பொல்னோ நாஸிகளுக்குத் தப்பிப் பிரான்சுக்குச் சென்றார். ஆயினும் பிடிபட்டு 1943இல் மௌத்ஹவுசன் முகாமில் கொல்லப்பட்டார். விஞ்ஞான வரலாற்றின் பக்கங்களிலும் இரத்தக்கறை உண்டு.

சிகிச்சை தற்செயலாகக் கிடைத்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்ல்ஸ் பிராட்லி என்பவர், பிள்ளைகளின் முதுகந்தண்டு நீரை எடுத்துச் செய்யும் எக்ஸ்கதிர்ப் பரிசோதனையால் விளைந்த தலைவலிக்காகப் பென்செட்ரின் என்னும் மருந்தைக் கொடுத்தார். தலைவலி தீர்ந்ததோ இல்லையோ, 30 பிள்ளைகளுள் ஏறக்குறைய பாதிப்பேர் பாடங்களிலே வியக்கத்தக்கவாறு முன்னேறினர். 1937இல் அவர் இதனை வெளியிட்டார். பிள்ளைகளே அதற்குக் "கணக்கு மாத்திரை" என்று பெயர் சூட்டினராம். 1944இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பனியில் லியாண்ட்ரோ பனிசோன் மெதில்பெனிடேற்றைத் தயாரித்தார். அது அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரைத் தழுவி, ரிட்டலின் எனச் சந்தைக்கு வந்தது. கிளர்ச்சியூட்டும் ஒரு மருந்து, துள்ளித் திரியும் பிள்ளையை எவ்வாறு அமைதிப்படுத்தும்? டோபமின், நோரட்ரினலின் ஆகிய இரசாயனங்களின் செயலை அது மூளையில் மிகுவிக்கிறது. தன்னைத் தானே அடக்கும் பகுதி அதனால் வலுப்பெறுகிறது.

மருந்து வந்தபின் சந்தையும் வந்தது. 1970இல் ஒமாஹா நகரப் பாடசாலைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பிள்ளைகளுக்கு இம்மருந்துகள் கொடுக்கப்படுவதாக ஓர் அமெரிக்கப் பத்திரிகை எழுதிற்று. அக்கணக்கு மிகைப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தபோதிலும், அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வாண்டே விசாரணை நடத்தியது. பெயர்களும் மாறிக்கொண்டே இருந்தன. "மிகச் சிறு மூளைச் சேதம்" என்றார்கள். சேதம் எதுவும் காணப்படாமையால் 1960களில் "மூளைச் செயற்பாட்டுக் குறை" என்றார்கள். கனடாவின் வர்ஜீனியா டக்ளஸ் 1970களின் தொடக்கத்தில், அசைவைவிட அவதானமே முதன்மையானது என ஆய்வுகளால் நிறுவினார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு "அவதானக் குறைபாட்டுக் கோளாறு" என்ற பெயரை ஏற்றது. 1987இல் மிகையியக்கமும் பெயரோடு சேர்க்கப்பட்டது.

பெயர் மாறுவதால் நோயே பொய் என்று முடிவுகட்டும் சிலர் முற்போக்கு முகாமிலும் உளர். முதலாளித்துவ நாட்டு மருந்துக் கம்பனிகளின் கற்பனை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் 2007இல் பிலிப் ஷோ குழுவினர் இக்கோளாறுடைய 223 பிள்ளைகளின் மூளைகளைப் படமெடுத்து ஏனைய 223 பேருடன் ஒப்பிட்டபோது, மூளைப் புறணி தன் உச்சத் தடிப்பை அடையும் வயது பொதுவாக 7½ ஆக இருக்க, இவர்களிடத்து 10½ ஆக இருந்தது. முதிர்ச்சி வருகிறது, பிந்தி வருகிறது. அப்பிள்ளையைச் சோம்பேறி என்று அடிப்பவர், பல் முளைக்கப் பிந்திய குழந்தையை அடிப்பவருக்கு ஒப்பாவார்.

எனினும் இதனைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்கதிர்ப் படமோ இன்றுவரை இல்லை. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதைக் கேட்டு, 12 வயதுக்கு முன்பே குறிகள் தோன்றினவா, ஆறு மாதங்களாவது நீடித்தனவா, வீடு பாடசாலை போன்ற ஈரிடங்களில் தென்படுகின்றனவா என்று வைத்தியர் ஆராய்கிறார். மனிதக் கண் பிழைபடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஆய்வு, ஒரே வகுப்பிலே சனவரியிற் பிறந்த சிறுவரைவிட டிசம்பரிற் பிறந்தோர் 30 வீதம் கூடுதலாகவும், சிறுமியர் 70 வீதம் கூடுதலாகவும் இந்நோயாளர் எனக் கணிக்கப்பட்டதைக் காட்டியது. வயதிலே சிறியதாயிருத்தல் நோயாகிவிட்டது! மறுபுறம், துள்ளாமல் கனவிலே ஆழ்ந்திருக்கும் பெண்பிள்ளை எவர் கண்ணிலும் படுவதில்லை. டயகம லயத்தில் தம்பி தங்கையரைப் பார்த்துவிட்டு வரும் சிறுமி வகுப்பில் உறங்கி விழுந்தால், அது களைப்பா, இரத்தசோகையா, காது கேளாமையா, அவதானக் குறைபாடா? இவற்றை ஒவ்வொன்றாக விலக்காமல் இறுதியானதைச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

காரணங்களுள் பரம்பரை முதலிடம் பெறுகிறது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மரபணுக்களோடு தொடர்புடையது என்கின்றன. இதைக் கேட்டவுடன் "தோட்டத்துப் பிள்ளைகளின் பிறவிக்குணமே அப்படித்தான்" என்ற பழைய துரைத்தனப் பேச்சுக்குச் சான்று கிடைத்துவிட்டதென எவரேனும் மகிழ்வாராயின், அவர் தேயிலையை உற்றுநோக்கட்டும். ஒரே மண்ணில் விதைத் தேயிலையை நட்டால் செடிக்குச் செடி காணும் வேறுபாட்டுக்கு விதையே பெருங்காரணம். தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம் தருவது போன்ற வி.பி. தேயிலையோ ஒரே தாய்ச்செடியின் துண்டங்களிலிருந்து வளர்ந்தது. அதனை உரமிட்ட மண்ணிலும் கற்பாறைச் சரிவிலும் நட்டால், வேறுபாட்டுக்கு மண்ணே காரணம். அந்த நான்கில் மூன்று பங்கு, பெரும்பாலும் வயிறார உண்ட ஐரோப்பிய, அமெரிக்கப் பிள்ளைகளிடையே கணித்தது. உரமிட்ட மண்ணின் கணக்கு அது.

மண்ணைப் பற்றிய கணக்கு இன்னொரு தோட்டத் தீவிலிருந்து கிடைக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்காக அடிமைகளைக் கொண்டுவந்து குடியேற்றிய பார்படோசில், ஜனினா கேலர் என்னும் ஆய்வாளர், முதலாண்டில் கடும் போசாக்கின்மையால் வாடி, பின்னர் நல்லுணவும் கவனிப்பும் பெற்றுத் தேறிய பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். உயரத்திலும் எடையிலும் அவர்கள் பெருமளவு ஈடுகட்டிவிட்டனர். ஆனால் 1983இல் வெளியான முடிவுகளின்படி, பாடசாலை வயதில் அவர்களுள் நூற்றுக்கு 60 பேரிடம் அவதானக் குறைபாடு காணப்பட்டது. அதே வகுப்புகளிற் பயின்ற, குழந்தைப்பருவத்தில் பட்டினி காணாத பிள்ளைகளிடம் 15 பேரிடமே காணப்பட்டது. நாற்பது வயதிலும் அக்குறை நீங்கவில்லை என்பதை 2012இல் வெளிவந்த தொடராய்வு காட்டிற்று. ஓராண்டுப் பசி நாற்பதாண்டு நின்றது.

இம்முடிவை மலையக வரலாற்றோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்து நின்ற மக்கள்மீது, 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு இறங்கியது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அன்று தாய்மடியில் இருந்து பிழைத்த குழந்தைகளுக்கு இன்று ஐம்பது வயது கடந்துவிட்டது; 1977இலிருந்து அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது முதல் வகுப்புகளில் வந்து அமர்ந்தவர்கள் அவர்களே. பஞ்சம் பழங்கதையென ஆறுதலடையவும் இடமில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வளர்ச்சி குன்றியவர்கள் நாடளாவ நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 32 பேர். குறைந்த பிறப்பு எடை அவதானக் குறைபாட்டுக்கு ஏதுவாவது பல நாட்டு ஆய்வுகளால் உறுதிப்பட்டிருக்கிறது. கொழுந்துக் கூடை சுமந்த தாயின் இரத்தசோகையும் பிள்ளையின் வாங்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

சிகிச்சையைப் பற்றிய மிகப் பெரிய ஒப்பாய்வு 1999இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதம் கவனித்ததில், நன்கு கண்காணித்து அளிக்கப்பட்ட மருந்து நோயின் முதன்மைக் குறிகளைத் தனி நடத்தைப் பயிற்சியைவிடக் கூடுதலாகத் தணித்தது. இரண்டும் இணைந்தவிடத்துக் குறைந்த அளவு மருந்தே போதுமாயிற்று. ஆனால் மூன்றாண்டுகளின் பின் குழுக்களுக்கிடையே அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நீண்டகாலப் பயன் பற்றிய இத்தகைய ஐயங்களால், மெதில்பெனிடேற்றைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்க்கும்படி வந்த வேண்டுகோளை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2019இலும் 2021இலும் ஏற்கவில்லை. எச்சரிக்கை நியாயமானதே. எனினும் பட்டியலில் இல்லாத மருந்தை வசதியுள்ளோர் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வர். வறியவர் எங்கே போவர்?

மருந்தின்றிச் செய்யத்தக்கனவும் உள. பாடத்தைச் சிறு கூறுகளாக்குதல், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை இடுதல், முன்வாங்கில் அமர்த்துதல், எழுந்து நடமாட வேலை கொடுத்தல், சரியாகச் செய்த கணமே பாராட்டுதல். இவற்றுக்குச் செலவு கிடையாது. ஐம்பது பிள்ளைகளுக்கு ஒருவர் என்றிராத வகுப்பறையும், பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டும். 1992இல் கொட்டகலைப் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அத்தகைய ஆசிரியர்களை உருவாக்கும் இடம். வைத்தியர் வேண்டுமெனில் டயகமவிலிருந்து நுவரெலியாவுக்குப் போக வேண்டும். சிறப்பு மனநல வைத்தியருக்காகக் கொழும்பின் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குச் செல்வோரும் உண்டு. மருந்து தொடங்கினால் அளவைச் சரிபார்க்கப் பிள்ளையை மீண்டும் மீண்டும் அழைத்துப் போகவேண்டியிருக்கும். போகின்ற ஒவ்வொரு நாளும் தாய்க்குப் பேர் இல்லை.