வரும்போது தனிக் கல்லா, போகும்போது பொதுக் கல்லா

2008 செப்டம்பர் 9 அன்று, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், ஓக் மரங்களின் மேல் கிட்டத்தட்ட 21 மாதங்களாக நடந்துவந்த போராட்டம் முடிந்தது. கடைசியாக மிஞ்சியிருந்த சிலர் கீழே இறக்கப்பட்டார்கள். பல்கலைக்கழக ஸ்டேடியத்தை ஒட்டி விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சி மையம் கட்டுவதற்காக அந்தத் தோப்பை வெட்டக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. மரங்கள் வெட்டப்பட்டன, வழி திறந்தது. ஆறே நாள் கழித்து, செப்டம்பர் 15 அன்று, நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவாலானது.

இரண்டு சம்பவங்களுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகள் பெர்க்லியில் நடந்ததெல்லாம் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கதைதான்.

கதைக்குள் போவதற்கு முன் ஒரு விஷயம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு என்பது தனி பட்ஜெட், தனி டைரக்டர், டிக்கெட் வருமானம், டிவி உரிமை என்று ஓடும் ஒரு தொழில். பெர்க்லியின் விளையாட்டுத் துறை அந்தச் சமயத்தில் ஆண்டுக்குச் சுமார் 7 கோடி டாலரில் 29 அணிகளை நடத்திக்கொண்டிருந்தது. பெரிய வருமானம் அமெரிக்க ஃபுட்பாலில் இருந்து வரும். அதற்கு அடுத்து கூடைப்பந்து. மற்ற பெரும்பாலான அணிகள் செலவுக் கணக்கில்தான் இருக்கும். பற்றாக்குறை விழுந்தால் பல்கலைக்கழகத்தின் பொது நிதி கைகொடுக்கும்.

அந்தப் பற்றாக்குறை கொஞ்ச நஞ்சமில்லை. 2007இல், விளையாட்டுத் துறை பல்கலைக்கழகத்துக்குத் தர வேண்டியிருந்த 3 கோடி டாலருக்கு மேலான பழைய கடனைப் பல்கலைக்கழகமே தள்ளுபடி செய்தது. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கஜானாவில் பணம் இருக்கும்வரை இப்படிப்பட்ட வரிகளை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை.

2009இல் எல்லோரும் படித்தார்கள். நிதி நெருக்கடியில் கலிஃபோர்னியா மாநிலத்தின் வரி வருமானம் சரிந்தது. பெர்க்லி உட்பட பத்து வளாகங்கள் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்புக்கு மாநில அரசு தரும் பணத்தில் 80 கோடி டாலர் அளவுக்குத் துண்டு விழுந்தது. பேராசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் கட்டாயச் சம்பளமில்லா விடுப்பு வந்தது. சம்பளத்தைப் பொறுத்து 4 முதல் 10 சதவீதம்வரை வெட்டு. நவம்பரில் மாணவர் கட்டணத்தை 32 சதவீதம் உயர்த்த முடிவானது. மாணவர்கள் வீலர் ஹால் கட்டடத்துக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். வெளியே மழையில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள்.

அதே நவம்பர் மாதத் தொடக்கத்தில் பேராசிரியர்களின் செனட் கூடியது. விளையாட்டுத் துறைக்குப் பொது நிதியிலிருந்து கொடுப்பதை நிறுத்து, கடன் தள்ளுபடி இனி வேண்டாம், துறை தன் காலில் நிற்கட்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. 91க்கு 68 என்ற வாக்கில் நிறைவேறியது. இதை முன்னின்று பேசியவர்களில் ஒருவர் பிரையன் பார்ஸ்கி, கணினி அறிவியல் பேராசிரியர். கணினித் துறைக்காரர் ஒருவர் ஸ்ப்ரெட்ஷீட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனார் என்பதில், மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. ஆனால் அந்தத் தீர்மானம் ஆலோசனைதான். அது நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது.

இப்போது ரசிகர்கள் பக்கம் வருவோம். பழைய மாணவர்கள், சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள், அப்பா காலத்திலிருந்து அதே வரிசையில் உட்காருபவர்கள். இவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் ஓடியது. ஒரு தரப்பு சொன்னது: நான் ஃபுட்பாலுக்குத் தரும் பணம் நூலகத்திடமிருந்து பிடுங்கிய பணம் இல்லை. ஃபுட்பால் இல்லையென்றால் நான் அந்தப் பணத்தை வேதியியல் துறைக்குத் தரப்போவதும் இல்லை. கல்லாவே வேற. இன்னொரு தரப்பு கேட்டது: அப்படியென்றால் பொது நிதியிலிருந்து ஏன் ஒவ்வொரு வருஷமும் கோடிக்கு மேல் போகிறது? கூட்டிப் பெருக்குபவருக்குச் சம்பள வெட்டு, ஃபுட்பால் கோச்சுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் என்றால் அது எப்படி நியாயம்? முதல் தரப்பு திரும்பச் சொன்னது: அந்தக் கோச் ஜெயிப்பதால்தான் ஸ்டேடியம் நிரம்புகிறது, அந்த டிக்கெட் காசில்தான் நீச்சலும் படகுப் போட்டியும் ஓடுகிறது.

இரண்டு பக்கமும் உண்மை இருந்தது. அதனால்தான் சண்டை முடியவே இல்லை.

2010 செப்டம்பர் 28 அன்று சான்சலர் ராபர்ட் பிர்ஜனோ ஒரு முடிவை அறிவித்தார். இயற்பியலாளர், கனடாக்காரர். பேஸ்பால், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் லாக்ராஸ் ஆகிய நான்கு அணிகள் கலைக்கப்படும். ரக்பி ஒரு படி கீழே இறக்கப்படும். ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டாலர் மிச்சம். பொது நிதி தரும் தொகை 2014க்குள் 50 லட்சமாகக் குறையும். துறையில் இருந்த 814 வீரர்களில் 163 பேரை இது பாதித்தது.

பேஸ்பால் அந்த வளாகத்தில் 1892 முதல் ஆடப்படும் ஆட்டம். 1947இல் நடந்த முதல் கல்லூரி உலகத் தொடரை வென்றது பெர்க்லிதான். தோற்ற யேல் அணியில் முதல் பேஸில் நின்றவர் பின்னாளில் ஜனாதிபதியான ஜார்ஜ் புஷ், அப்பா புஷ். ரக்பியோ அதுவரை 25 தேசியப் பட்டங்கள் வாங்கிய அணி. அந்த அணியை இறக்கியதற்குக் காசு மட்டும் காரணமில்லை. 1972இன் டைட்டில் நைன் சட்டப்படி, பெண்களுக்கு விளையாட்டில் சமவாய்ப்பு இருப்பதை மூன்று வழிகளில் ஒன்றில் நிரூபிக்க வேண்டும். ஆட விரும்பும் பெண்களுக்கெல்லாம் இடம் கொடுத்திருக்கிறோம் என்ற வழியைத்தான் பெர்க்லி அதுவரை சொல்லிவந்தது. இருக்கும் பெண்கள் அணிகளைக் கலைத்துவிட்டால் அதைச் சொல்ல முடியாது. அப்புறம் ஆண் பெண் எண்ணிக்கை விகிதத்தைக் காட்ட வேண்டும். அதற்கு ஆண்கள் தலையை எண்ணிக் குறைக்க வேண்டும். ஒரு வரியை அழித்தால் நான்கு இடத்தில் பிழை வரும் நிரல் மாதிரி.

ரசிகர்கள் உண்டியலை எடுத்தார்கள். ஐந்து அணிகளையும் காப்பாற்ற 2.5 கோடி டாலர் வேண்டும் என்று பேசப்பட்டது. 2011 பிப்ரவரிக்குள் அதில் பாதி அளவுக்கு வாக்குறுதிகள் சேர்ந்தன. நிர்வாகம் பெண்கள் அணிகள் இரண்டையும் ரக்பியையும் திரும்ப எடுத்துக்கொண்டது. டைட்டில் நைன் கணக்கை நினைத்துப் பார்த்தால், ஏன் அந்த வரிசை என்று புரியும். பேஸ்பாலுக்கு இன்னும் போதாது என்றார்கள். பேஸ்பால்காரர்கள் திரும்பப் போய், பழைய வீரர்கள், பெற்றோர்கள், ஊர்க்காரர்கள் என்று எல்லாக் கதவையும் தட்டினார்கள். ஏப்ரலில் சுமார் 90 லட்சம் டாலர் வாக்குறுதியோடு வந்து நின்றார்கள். அணி பிழைத்தது. பிறகு ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸும் பிழைத்தது.

அப்புறம் நடந்தது சினிமா. ஜூனில் ஹூஸ்டனில் பேய்லர் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் 5க்கு 8. தோற்றால் வீட்டுக்கு. பெர்க்லி நான்கு ரன் எடுத்து 9க்கு 8 என்று ஜெயித்தது. மூடுவிழா அறிவிக்கப்பட்ட அணி ஒமாஹாவில் நடந்த கல்லூரி உலகத் தொடருக்குப் போய் அங்கேயும் ஒரு ஆட்டம் ஜெயித்தது. அந்த அணி உங்களுடையதாக இல்லாவிட்டாலும் இதைப் படித்துக் கொஞ்சம் தொண்டை அடைக்கவில்லை என்றால், உங்களுக்கு விளையாட்டே பிடிக்காது என்று அர்த்தம்.

ரசிகர் நன்கொடையின் நல்ல முகம் இது. ஆனால் இதே ஆண்டுகளில், இதே வளாகத்தில், இதே ஆட்களை நம்பி இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது.

மரங்களை வெட்டியது எதற்கென்று ஞாபகம் இருக்கிறதா? அந்த ஸ்டேடியம் முதல் உலகப் போரில் இறந்த கலிஃபோர்னியர்களின் நினைவாக, பொதுமக்கள் சந்தாவில் கட்டப்பட்டு 1923இல் திறக்கப்பட்டது. இடம் ஹேவர்ட் நிலப்பிளவின் மேலேயே. பிளவு மைதானத்தின் அடியில் நீளவாக்கில் ஓடுகிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி அதைத் திருத்திக் கட்டவேண்டியது உண்மையிலேயே அவசியம். ஸ்டேடியமும் பயிற்சி மையமும் சேர்ந்து கடன் 44 கோடி டாலர் அளவுக்குப் போனது.

கடனை அடைக்க ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். நல்ல நடு இருக்கைகள் சுமார் 3,000. ஒவ்வொன்றின் உரிமையையும் 40, 50 ஆண்டுகளுக்கு விற்பது. விலை 40,000 டாலரில் ஆரம்பித்து 2 லட்சத்தைத் தாண்டும். இலக்கு 2013க்குள் 27 கோடி. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் 30 ஆண்டுத் தவணையில் கட்டலாம். நடுவில் வேண்டாமென்று தோன்றினால் இருக்கையை விட்டுவிட்டுப் போய்விடலாம், மீதித் தவணை கட்ட வேண்டியதில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். கடன்காரருக்குப் பல்கலைக்கழகம் வட்டியைக் கட்டியே ஆக வேண்டும். ரசிகருக்கோ கட்டாயம் எதுவும் இல்லை. அவரை அங்கே பிடித்து வைத்திருப்பது பிரியம் மட்டும்தான். அந்தப் பிரியம் 30 ஆண்டுக்குக் குறையாது என்று எக்செல் ஷீட்டில் ஒரு நிரலில் போட்டுவிட்டார்கள். என் வேலையிலும் இப்படி எண்கள் வரும். பயனர்களின் எண்ணிக்கை மாதாமாதம் இவ்வளவு கூடும் என்று யாரோ ஒரு கட்டத்தில் எழுதுவார்கள். அதன் மேல் மற்ற நூறு கட்டங்களும் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அந்த முதல் கட்டத்தை யாரும் தொடுவதில்லை.

பொருளாதாரம் படுத்திருந்த காலத்தில் இருக்கைகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஸ்டேடியம் 2012 செப்டம்பரில் திறந்தது. அதே சீசன் முடிவில் கோச் டெட்ஃபோர்டை நீக்கினார்கள். 2013இல் அணி 12 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்தது. 27 கோடி வரவில்லை. வட்டி மட்டும் ஆண்டுக்கு 1.8 கோடி டாலர் அளவில் வந்துகொண்டே இருந்தது. 2016இல் துறையின் பற்றாக்குறை 2 கோடியைத் தாண்டியது. மைதானத்தின் பெயரையே விற்றுப் பார்த்தார்கள். 2013இல் கபாம் என்ற கேம் கம்பெனி 15 ஆண்டுக்கு எடுத்து, 2016இலேயே விலகியது. 2021இல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் 10 ஆண்டுக்கு 1.75 கோடி டாலர், அதுவும் கிரிப்டோவிலேயே தருவதாக ஒப்பந்தம் போட்டது. 2022 நவம்பரில் அது திவால். ஒரு நிதி நெருக்கடியில் ஆரம்பித்த கதை இன்னொரு திவாலில் போய் முட்டியது.

2018இல் புதிய சான்சலர் கேரல் கிறிஸ்ட் ஒரு முடிவு எடுத்தார். ஸ்டேடியக் கடனில் நிலநடுக்கப் பாதுகாப்புக்கான பங்கு, அதாவது ஏறக்குறையப் பாதி, இனிப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பொறுப்பு. பாதுகாப்பு வேலை எந்தக் கட்டடத்திலும் செய்ய வேண்டியதுதானே என்பது வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2009இல் ரசிகர்கள் சொன்ன அந்த வாக்கியத்தை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். கல்லாவே வேற. பணம் உள்ளே வரும்போது அது தனிக் கல்லாதான். நான் குறிப்பிட்ட அணிக்குக் கொடுத்ததை வேறு யாரும் தொட முடியாது. நஷ்டம் வந்தபோது மட்டும் அது பொதுக் கல்லா. இதை ரசிகர்களின் பேராசை என்று சொல்லமாட்டேன். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. தங்களுக்குப் பிடித்ததற்குத் தங்கள் பணத்தைத் தந்தார்கள், அல்லது பிடிக்காமல் போனபோது நிறுத்தினார்கள். ரசிகன் வேறென்ன செய்வான்? அவன் தருவதாகச் சொன்னதைக் காட்டி நிர்வாகம் கடன் வாங்கியதுதான் பிரச்சினை.

பேஸ்பாலுக்கும் ஸ்டேடியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டும் ஒரே விசுவாசம்தான். பேஸ்பால்காரர்களிடம் இவ்வளவு, இந்தத் தேதிக்குள் என்று கேட்டார்கள். வந்ததை எண்ணிப் பார்த்தார்கள், போதவில்லை என்றபோது இல்லை என்றார்கள், போதியபோது ஆம் என்றார்கள். ஸ்டேடியத்தில் முதலில் செலவு, பிறகு எண்ணிக்கை.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது, அது கொஞ்சம் கசப்பானது. 32 சதவீதக் கட்டண உயர்வை எதிர்த்து மழையில் நின்ற மாணவர்களுக்காக எந்தச் சீசன் டிக்கெட்காரரும் ஆறு மாதத்தில் ஒரு கோடி திரட்டவில்லை. விடுப்பில் அனுப்பப்பட்ட ஊழியர்களுக்கு ஒமாஹா கிடையாது. நன்கொடையில் ஓடும் நிறுவனத்தில் கைதட்ட ஆள் உள்ளவை பிழைக்கும். அரசுப் பணம் என்பதே கைதட்ட ஆள் இல்லாதவற்றுக்காகத்தான், அது வற்றும்போதுதான் அது எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று தெரிகிறது.

இந்தப் பாடத்தை யாரும் கற்றார்களா? 2020 கோவிட் காலத்தில், பக்கத்து ஸ்டான்ஃபோர்ட் 36 அணிகளில் 11ஐக் கலைப்பதாக அறிவித்தது. பெர்க்லியைவிடப் பல மடங்கு பணக்காரப் பல்கலைக்கழகம். பழைய மாணவர்கள் கொதித்தார்கள், பணம் திரட்டுகிறோம் என்றார்கள். 2021 மே மாதம் முடிவு திரும்பப் பெறப்பட்டது. அதே நாடகம், பாத்திரங்கள் மட்டும் வேறு.

பெர்க்லி ஸ்டேடியக் கடனுக்கு முதல் இருபது ஆண்டுகள் வட்டி மட்டும்தான். அசலைக் கட்ட ஆரம்பிப்பது 2032 வாக்கில். அந்த ஆண்டு பதினெட்டு வயதில் அங்கே சேரப்போகிறவர்கள், ஸ்டேடியம் திறந்து இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவர்கள். ஓக் மரங்களையோ லேமனையோ அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கட்டண ரசீது மட்டும் சரியாக வந்து சேரும்.